வைத்துக் கொடுத்தல்

துணியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பலவும் வெட்டுதலிலிருந்து பிறந்தவை. துணித்தது துணி, துண்டித்தது துண்டு, அறுத்தது அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற சங்கப் புலவரின் பெயரை வகுப்பில் சொன்னதும் மாணவர்கள் சிரிப்பார்கள். அறுவை என்றால் அவர்களுக்கு மருத்துவமனை நினைவுக்கு வரும், அல்லது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் பேச்சு. அவர் துணி வணிகர் என்று விளக்கிய பின்னரே அடங்குவார்கள். 'மடி' என்ற சொல்லோ வேறு வகை. மடிப்பு, ஆடை, தாயின் மடி, ஆசாரத் தூய்மை, சோம்பல் என்று அது பல பொருள்களைச் சுமக்கிறது. வள்ளுவர் 61ஆம் அதிகாரத்தில் விலக்கச் சொல்வது கடைசிப் பொருளை. எங்கள் அம்மாவின் வாழ்வில் மற்ற எல்லாப் பொருள்களிலும் மடி வந்துபோயிற்று. அந்த ஒரு பொருளில் மட்டும் வரவில்லை.

நாங்கள் இருவர், அக்கா தங்கை. இளையவர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறார். மூத்தவர் ஆம்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். எழுதும் கை ஒன்றுதான் என்றாலும் நினைவு இருவருக்கும் பொது என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் தெருவின் எழுதாச் சட்டம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், அவற்றோடு ஒரு ரவிக்கைத் துண்டு. 'வைத்துக் கொடுத்தல்' என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் அது டூ பை டூ ரூபியா. எண்பது சென்டிமீட்டர் அல்லது ஒரு மீட்டர். நவராத்திரிக்கு ஒரு வீட்டிலிருந்து புறப்பட்ட துண்டு நாலைந்து வீடுகளுக்குப் போய், தையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்த கதைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. தைத்து அணிவதற்கென்று கொடுக்கப்பட்டு, கொடுப்பதற்காகவே வாழ்ந்த துணி அது. தட்டில் அப்படியே போட்டால் கடைச்சரக்குப் போலத் தெரியும் என்பதால் விசிறியாக, வண்ணத்துப்பூச்சியாக, தாமரையாக மடித்து வைப்பார்கள். தெருவில் எந்த விசேஷம் என்றாலும் முதல்நாள் இரவு அந்தத் துண்டுகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மடிப்பவர் அம்மா.

தாமரை மடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். துண்டின் விளிம்பைச் சற்று உள்ளே தள்ளி முதலில் சதுரமாக்கிக்கொள்வார். நான்கு மூலைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து நகத்தால் அழுத்துவார். புதிதாய்ப் பிறந்த நான்கு மூலைகளும் மறுபடி நடுவுக்கு. பிறகு கவிழ்த்துப் போட்டு மூன்றாம் முறை. நடுவைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, அடியில் ஒளிந்திருக்கும் முனைகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிட்டால் இதழ்கள் எழும். புதுத் துணியின் கஞ்சி இருக்கும்வரை நிற்கும்; பழைய துண்டு என்றால் இதழ் தொங்கிவிடும். எத்தனை வீடு சுற்றிய துண்டு என்பதை அம்மா அந்தத் தொங்கலை வைத்தே சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரே விதிதான். கத்தரிக்கோல் கூடாது, ஊசி கூடாது, குண்டூசி கூடவே கூடாது. குண்டூசி துளை போடும், மழைக்காலத்தில் துருக்கறை விடும். "வாங்கினவ பிரிச்சா துணியா இருக்கணும்" என்பார்.

இந்த விரல்கள் பகலில் வேறொன்றை மடித்தன. 1988இல் அப்பா இறந்தார். மறு ஆண்டே அம்மா காலணிகளின் மேற்பகுதி தைக்கும் ஆலை ஒன்றில் சேர்ந்தார். ஆம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்த வேலையில் பெண்களே மிகுதி. விடியலில் ஆலைப் பேருந்துகள் கிராமங்களிலிருந்து அவர்களை அள்ளிக்கொண்டு வருவதை இன்றும் காணலாம். அம்மாவுக்கு வாய்த்தது போல்டிங் மேசை. தோலின் விளிம்பை முதலில் சீவி மெலிதாக்குவார்கள். சீவாமல் மடித்தால் தடித்து நிற்கும். மெலிந்த விளிம்பில் சொல்யூஷன் தடவி, ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே மடித்து, சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். நேர்க்கோட்டில் எளிது. வெளிப்பக்கம் வளையும் இடத்தில் மிஞ்சுகிற தோலைச் சிறுசிறு சுருக்கங்களாக ஒதுக்க வேண்டும். உட்பக்கம் வளையும் இடத்தில் தோல் போதாமல் இழுக்கும், அங்கே நுண்ணிய வெட்டுகள் இட வேண்டும். வெட்டு ஒரு நூலிழை ஆழமாகிவிட்டால் அந்தத் துண்டு கழிவு. இருபது ஆண்டுகளுக்கு மேல் இதைச் செய்தார். அங்கே மடித்தது மறுபடி பிரியவே கூடாது. வீட்டில் மடித்தது எப்போது வேண்டுமானாலும் பிரிய வேண்டும். வேற்றுமை வேறில்லை என்று அவரே ஒருமுறை சொன்னார்.

அமெரிக்காவில் ஒட்டுப் போர்வை தைப்பவர்களுக்கென்றே துணிக்கடைகள் உண்டு. ஒரு கெஜத்தில் கால் பங்கை நீளவாக்கில் வெட்டாமல், 18க்கு 22 அங்குலம் என்று அகலமாக வெட்டித் தருவார்கள். 'ஃபேட் குவார்ட்டர்' என்று அதற்குப் பெயர். அத்துண்டுகளை ரோஜாவாகவும் பட்டாம்பூச்சியாகவும் மடித்துக் கூடையில் அடுக்கித் தோழியருக்குப் பரிசளிப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு. மாணவி ஒருத்தி கைப்பேசியில் காட்டிய காணொளியில் அதைக் கண்டபோது எங்களுக்குச் சிரிப்பும் ஏதோ ஒரு பொறாமையும் வந்தன. அந்தத் துண்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் போலும்.

எங்கள் தெருவில் அப்படியில்லை. ஊருக்கெல்லாம் தாமரை மடித்த அம்மாவுக்கு, 1988க்குப் பிறகு யாரும் வைத்துக் கொடுக்கவில்லை. கைம்பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்ற வழக்கத்தை எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தட்டு அவரைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். மடித்துத் தந்ததற்குக் கூலியாக அரிசியோ, பணமோ, பலகாரமோ வரும். 'தோல் தொட்ட கை' என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அதற்காகவே எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அவர் துணியைத் தொடுவார்.

எதிர்வீட்டுக் காலா மட்டும் ரம்ஜானுக்கு ரம்ஜான் அம்மாவுக்குத் துணி எடுத்துத் தருவார். மிஞ்சிய துண்டுகளை இணைத்து அவர் தைத்த ரஜாய் ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. காலாவின் மகள் நிக்காஹுக்குத் தட்டுகள் அலங்கரித்தவர் அம்மாதான். அன்று கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பெண்ணின் அருகில் உட்கார வைத்தார்கள். அவர்கள் வீட்டிலும் விலக்குகள் இருக்கும், அவை வேறு.

2001இல் எங்களில் மூத்தவரின் திருமணம். 21 சீர்வரிசைத் தட்டுகள். ஆரணிப் பட்டுப் புடவையை மயிலாக்கி, முந்தானையைத் தோகையாக விரித்து, குண்டூசி இல்லாமல் நிற்க வைத்திருந்தார். விடியும்வரை உறங்கவில்லை. காலையில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சுமங்கலிகள் வரிசையாகப் போனபோது அவர் சமையற்கூடத்துப் பக்கம் நின்றிருந்தார். நாங்கள் பார்த்தோம். ஒருவர் மணக்கோலத்தில் இருந்தார், மற்றவர் முதுகலை படித்துக்கொண்டிருந்தார். பெண்ணெழுத்து பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்திருந்தார். இருவருமே கூப்பிடவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதுகூட அல்ல. கூப்பிடலாம் என்பதே அந்தக் கணத்தில் தோன்றவில்லை.

அந்த மயில் பல ஆண்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் மயிலாகவே அலமாரியில் இருந்தது. பிரிக்க மனமில்லை. பிரித்தபோது தோகையின் மடிப்புகள்தோறும் ஜரிகை இற்றிருந்தது. பட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து மாற்றி மடிக்க வேண்டும் என்பதை அம்மா சொல்லியிருந்தார், நாங்கள்தாம் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு மூத்தவரின் மகளுக்கு வளைகாப்பு. அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. விரல் மூட்டுகளில் வலி. அதனால் இம்முறை தாமரைகளை நாங்களே மடித்தோம். முதல் தட்டு யாருக்கு என்பதை முதல்நாளே இருவரும் பேசி முடித்திருந்தோம். நீட்டியபோது அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்குடி? வந்தவங்களுக்குக் குடு."

"புடிம்மா. பேத்திக்கு நீதான் மொதல்ல."

உறவில் ஒரு பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்கள் வளையல் அளவு பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள், ஏதும் நடக்கவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் எதற்கு அஞ்சினோம் என்று எங்களுக்கே விளங்கவில்லை.

அம்மா முந்தானையில் வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு தாமரையைப் பிரித்தார். மடியில் விரித்துச் சாண் போட்டுப் பார்த்தார்.

"மூணரைச் சாண்தான் கீது. எண்பதக் குடுத்துட்டான். முழங்கை வரைக்கும் கை வெச்சுத் தெக்கப் பத்தாது. ஒரு மீட்டரா எடுத்திருக்கக் கூடாதா?"

பிறகு மற்றத் தட்டுகளைப் பார்த்தார். "இன்னாடி இது, இதழெல்லாம் தொங்குது. இப்படியா குடுப்பீங்க? இங்க கொண்டாங்க."

ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.