கோடிக்கரையிற் கண்ட குடிகள்

திருமறைக்காடு என்னும் வேதாரணியத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிற் கோடிக்கரை என்னும் சிற்றூர் உளது. வடக்கினின்று நேரே இறங்கிவரும் சோழநாட்டுக் கடற்கரை அவ்விடத்தில் மேற்கே மடங்குகின்றது. நிலத்தின் கோடியாதலின் ஊர் அப்பெயர் பெற்றது போலும். அங்குக் கோயில்கொண்டருளிய பெருமான் கோடிக்குழகர். சேரமான் பெருமாள் நாயனாரோடு மறைக்காடு தொழுது அவ்விடஞ் சென்ற சுந்தரமூர்த்தி நாயனார், அயலில் மக்கள் வாழ்க்கை இன்றி, காற்று ஓயாது வீசும் கரையில் இறைவன் தனித்து வீற்றிருத்தலைக் கண்டு உள்ளம் நைந்தார். துணையாவார் யாவர் என்று அவனையே வினவிப் பாடினார். ஆந்தையும் கூகையும் மரப்பொந்துகளிலிருந்து ஒலிக்கும் காடு அது என்பதும் அப்பதிகத்தால் விளங்கும்.

அவ்வினா அன்பின் முதிர்ச்சியில் எழுந்தது. அதனை நெஞ்சிற்கொண்டு அக்கரையில் நாடோறும் நடப்பார்க்கு, அயலில் வாழும் குடிகள் யாவை என்று காணும் விருப்பம் தானே தோன்றும். அவ்வாறு கண்டவற்றுள் சிலவற்றை ஈண்டு எழுதலுற்றேன்.

யான் கடலினின்று நெடுந்தொலைவிலுள்ள காங்கேயத்தைச் சேர்ந்தவன். எம்மூர்ப்புறத்தில் மழை குறைவு. கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப்புல் வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்தி, ஆடுமாடுகளை மாற்றி மாற்றி மேயவிடும் நிலத்தை நாங்கள் கொரங்காடு என்போம். காலையில் இட்டேரி வழியே நடந்து, கௌதாரியின் குரலையும், ஆளைக் கண்டதும் கூவி எழும் ஆட்காட்டியையும், வரப்பின்மேல் நின்று மெல்லக் கழுத்தை நீட்டும் மயிலையும் கண்டுவருதல் எனக்கு இளமை முதல் வழக்கம். சில ஆண்டுகளாகத் தை, மாசித் திங்களிற் கோடிக்கரையில் ஓர் அன்பர் மனையில் இரண்டொரு வாரம் தங்குவதுண்டு. அந்நாட்களில் கடற்கரையே எனக்கு இட்டேரியாகின்றது.

வைகறையில் மணல்மேட்டை ஏறுவார்க்கு முதலில் எதிர்ப்படுவது அடம்பங்கொடி. அதன் இலை எம்மூர்க் காளையின் குளம்புச் சுவடுபோல இருபிளவாய் இருக்கும். செந்நீலப் பூக்கள் கதிரவனை எதிர்நோக்கி விரியும். அதனை அடுத்து நிற்பது இராவணன் மீசை என்னும் முட்புல். அதன் கதிர்த்தலை முதிர்ந்தபின் கழன்று, பந்துபோலக் காற்றில் உருண்டோடி, ஓடும் வழியெல்லாம் விதையைச் சிந்திச் செல்லும். இவ்விரண்டும் வேர்பின்னி மணலைப் பிடித்துவைத்திருத்தலாலேயே அம்மேடு நிற்கின்றது. காற்றையே உழவனாகக் கொண்டு விதைக்கும் இப்புல்லைப் பயனற்றதென்று எவ்வாறு கூறுவது?

ஈரமணலில் அலவன்களின் குடியிருப்பு. சிறு நண்டுகள் மணலை வாயிலிட்டு, அதிற் படிந்த நுண்ணிய உணவை எடுத்துக்கொண்டு, எஞ்சிய மணலைக் கடுகளவும் மிளகளவுமாக உருட்டி வளையைச் சுற்றிக் கோலமிட்டாற்போல வைத்திருக்கும். அடுத்த அலை அக்கோலத்தை அழித்துவிடும். நீர் வடிந்ததும் அவை மீண்டும் தொடங்கும். சலிப்பு என்பது அவற்றின்பாற் காணப்படவில்லை. சற்று மேலே உலர்ந்த மணலில் பெரிய வெண்ணிற நண்டு கண்ணிரண்டையும் காம்பின்மேல் உயர்த்தி நம்மை நோக்கும். ஓரடி எடுத்துவைத்தால் ஒரு மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள வளைக்குள் மறையும்.

சில நாட்களில் கடலினின்று மேட்டுவரை ஓர் அகன்ற தடம் ஏறி, மீண்டும் கடலை நோக்கி இறங்கியிருக்கும். அது பங்குனி ஆமை என மீனவர் கூறும் கடலாமை இரவில் வந்துசென்ற சுவடு. பெண்ணாமை மணலைத் தோண்டி 100 முட்டைக்கு மேலும் இட்டு மூடிச்செல்லும். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களிற் குஞ்சுகள் வெளிப்படும். மணலின் வெம்மை மிகுந்தாற் பெண்ணும், குறைந்தால் ஆணும் மிகுதியாகப் பிறத்தல் வியக்கத்தக்கது. இரவில் வெளிப்படும் குஞ்சு, கடல்மேற் படரும் ஒளியை நாடி ஓடும் இயல்பினது; கரையிலுள்ள மின்விளக்கு அதனை வழிதவறச் செய்யும். ஆதலின் வனத்துறையினர் முட்டைகளை எடுத்துக் காவலுள்ள இடத்திற் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். ஆயினும், அதே கரையில் இறந்தொதுங்கிய பேராமைகளையும் யான் கண்டதுண்டு. ஆமை நீரில் வாழினும் காற்றையே மூச்சாகக் கொள்வது. இழுவலையிற் சிக்கினால் மேலெழுந்து மூச்சு வாங்க இயலாது மடியும். ஒருபாற் காக்கும் கையும், ஒருபால் அறியாது கொல்லும் கையும் மனிதருடையனவே.

கரையினின்று உள்ளே திரும்பினால், உப்பங்கழியும் சேற்றுவெளியும் கண்ணுக்கெட்டுமளவும் பரந்துகிடக்கும். பனிக்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டமாக நிற்கும். அவற்றுட் பெரும்பாலன கட்சு நாட்டு உப்புவெளியிற் பிறந்து வருவன என்பர். அப்பறவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரிலிட்டு, நாவால் நீரை இழுத்துத் தள்ளி, அலகோரத்துச் சல்லடையில் தங்கும் பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்ணும். அவ்வுணவே அதன் இறகிற்குச் செவ்வண்ணம் தருவது. இளம்பறவை சாம்பல் நிறமாகவே இருக்கும்.

பூநாரையினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது கொசு உள்ளான் என்னும் சிறுபறவை. அதன் எடை 25 கிராம் அளவே. வடதுருவத்தை அடுத்த, பனி உருகும் வெற்றுநிலத்திற் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இச்சேற்றை அடைகின்றது. வெயில் முதிர்வதற்குள் மீண்டும் அங்கே செல்கின்றது. அதற்கு வழிகாட்டுவார் யாவர்? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இக்கரையிற் பறவைகளின் கால்களில் வளையமிட்டு, அவை செல்லும் வழிகளை ஆராய்ந்து வந்துள்ளனர். இவ்வீரநிலம் 2002-ஆம் ஆண்டு ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்ந்தது. எம் திருப்பூர் மாவட்டத்து நஞ்சராயன் குளமும் 2024-இல் அப்பட்டியலில் இடம்பெற்றது.

இனி, கோடிக்கரையின் சிறந்த குடி இரலை. முறுக்கிய நெடுங்கொம்பும் கரிய முதுகும் வெண்மையான வயிறும் உடைய ஆண்மான் புல்வெளியில் நிமிர்ந்து நிற்கும் தோற்றம் கண்டார் மறவார். இதன் பொருட்டே 1967-இல் இவ்விடம் காப்பகமாக்கப்பட்டது. 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயலில் மரங்கள் வீழ்ந்தன. மான்கள் பல மாண்டன. புயலினும் மெல்ல வரும் கேடு ஒன்றுண்டு. அது சீமைக்கருவேல். அங்குத் திரியும் குதிரைகளும் பிற விலங்குகளும் அதன் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. இரலை திறந்தவெளியில் வாழ்வது. பகையைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்புவது. புல்வெளி புதராயின் அதற்கு உணவும் இல்லை, ஓட இடமும் இல்லை.

இதனைக் காணுந்தோறும் எம் கொங்குநாடு நினைவிற்கு வரும். அவிநாசியை அடுத்த புதுப்பாளையத்திலும், மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் இவ்விரலையே வாழ்கின்றது. காங்கேயத்துக் கொரங்காட்டிலும் சீமைக்கருவேல் புகுகின்றது. வேலி அழிந்து மனைகளாகும் இடங்களும் பல. கடற்சேற்றையும் கொரங்காட்டையும் உலகத்தார் ஒரே சொல்லால் வழங்குவர்: தரிசு. நெல் விளையாமையாலும் தென்னை நில்லாமையாலும் அச்சொல் பிறந்தது. அச்சொல் ஒருமுறை ஏட்டில் ஏறிவிட்டால், அந்நிலத்தை எதற்கும் கொடுக்கலாம் என்ற எண்ணம் அதன்பின்னே வருகின்றது. உள்ளானும் இரலையும் வழக்காட வாராவன்றோ?

நம் சித்தாந்த நூல்கள், இறைவன் உயிர்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனைத் தந்தருள்கின்றான் என்று கூறும். உடலும், கருவியும், வாழும் இடமும், நுகர்பொருளும் என்பது அதன் கருத்து. இவை மக்களுயிர்க்கே உரியன என்று யாண்டும் கூறப்படவில்லை. அலவனுக்குத் தந்த புவனம் ஈரமணல். உள்ளானுக்குத் தந்தது உப்புச்சேறு. இரலைக்குத் தந்தது புல்வெளி. ஓருயிரைக் கொல்லாதிருத்தல் அறம் என்பதை நாம் ஒப்புகின்றோம். அதன் புவனத்தைப் பறித்துவிட்டு, அதனைக் கொன்றிலேம் என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஆதலின், அன்பர்களே, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடிக்கரையில் நீராடச் செல்வீராயின், நெகிழிப் பையும் பழந்துணியும் கரையிற் போடாது திரும்பக் கொண்டுவருமின். இரவில் விளக்கைக் கடல்நோக்கி வீசாதிருமின். செல்ல இயலாதார், தம்மூர்ப்புறத்தில் தரிசு எனப்படும் நிலத்தின் ஓரமாக ஒரு திங்கள் காலைதோறும் நடந்து, அங்குக் குடியிருப்பார் யாவர் என்று எண்ணிப் பார்மின். எண்ணி முடித்தபின், அந்நிலத்தை வேறொன்றாக்க வேண்டுமென்று ஊர்மன்றத்திற் பேச்செழுந்தால், வாயில்லா அக்குடிகளின் சார்பில் எழுந்து ஒரு சொற் கூறுமின். கோயிலுக்கு விளக்கிடுதல் போல அதுவும் ஒரு திருத்தொண்டே.

திருச்சிற்றம்பலம்.