குக்ரி வாங்கிய கதை

சென்ற ஐப்பசியில் 3,636 மீட்டர் உயரச் சந்தக்பூ மலைக்கு நடந்தே செல்லப் புறப்பட்டோம். கூடார முளை சீவவும் மூங்கில் பிளக்கவும் டார்ஜிலிங் கடைவீதியில் குக்ரி தேடினோம். நம் கண் சித்திர உறையிட்ட பளபளப்புக் கத்தியிலேயே நின்றது.

அதன் பிடி அரக்கால் ஒட்டியது, ஓங்கி வெட்டினால் ஆடிவிடும் என்றார் கடைக்காரப் பெரியவர். லாரி வில்பட்டையில் அடித்த கறுத்த கத்தியொன்றை நீட்டினார். அலகின் எஃகு பிடியின் கோடிவரை ஓடி, ஆணியால் இறுகியிருந்தது. கெண்டிநீரை வாய்ப்புறத்தில் மட்டும் ஊற்றிப் பதமேற்றுவார்களாம். முதுகு முறியாது தாங்குமாம்.

“உருவும்போது உறையின் முதுகைப் பிடியுங்கள், வாய்ப்புறத்தில் விரல் வேண்டாம்” என்றும் சொன்னார். கேட்டோமில்லை. மானேபஞ்சனில் முதன்முறை உருவியபோதே உறை பிளந்து, பேரேடு எழுதும் விரலையும் பதம் பார்த்தது. மூன்று தையல்.

இன்று சிலிகுரி வீட்டில் அதைக்கொண்டு தேங்காய் உடைக்கும் இல்லாள், உறையிலிருந்து உருவ மட்டும் நம்மை விடுவதில்லை.