அக்கா வீட்ல இல்ல!

எங்கள் பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் துணிக்கொடி மாதிரி ஒரு செம்புக் கம்பி ஓடும். அதில் துணி காயப்போட்டு என்னிடம் திட்டு வாங்காதவர்கள் வீட்டில் யாருமில்லை. அது என் ஹாம் ரேடியோ ஆன்டெனா.

பேசுவதைவிட டைப் அடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். 'பி.எஸ்.கே.31' என்று ஒரு முறை. லேப்டாப்பில் அடிக்கிற எழுத்து மெல்லிய விசிலாகக் காற்றில் போய், அந்தப் பக்கம் மறுபடி எழுத்தாகும். அகலம் வெறும் 31 ஹெர்ட்ஸ். ஒற்றையடிப் பாதை என்று வையுங்கள். அதே பாதையில் லாரியும் வரும்: ரேடியோ வழியே இமெயில் அனுப்பும் தானியங்கி நிலையங்கள். அங்கே ஆள் இருக்கமாட்டார். எங்கிருந்தோ ஒருவர் கூப்பிட்டால் கம்ப்யூட்டரே பதில் சொல்லும். 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அடைத்துக்கொள்ளும். 'யாராவது பேசுகிறார்களா?' என்று கேட்டுவிட்டு அனுப்புவதுதான் எங்கள் முதல் பாடம். கூப்பிட்டவருக்குத் தூரத்தில் என் விசில் எட்டாது. பெட்டிக்கோ சில நேரம் காதே கேட்காது.

2023 டிசம்பர் 18. முந்தின நாளிலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி கரை தாண்டிவிட்டது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் அக்கா தனியாக இருந்தாள். கார் பேட்டரியைக் கழற்றி ரேடியோவில் மாட்டி, மதுரை நண்பரைப் பிடித்தேன். சென்னையிலிருக்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டு விசாரிக்கச் சொன்னேன்.

அரை மணி கழித்து, ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. 'அண்ணாச்சி, அக்கா வீட்ல இல்ல. காலைல தண்ணி வந்ததும்...'

அவ்வளவுதான். ஸ்பீக்கரில் கரகரவென்று லாரி. திரை முழுக்கக் குப்பை எழுத்து. 'திரும்ப அனுப்புங்க' என்று அடித்தேன். அவருக்கும் அதே இரைச்சல். அலைவரிசையை மாற்றலாம்தான். மாறுகிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பதினோரு நிமிஷம். பின்னால் நின்று அந்த வரியைப் படித்த மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

சத்தம் நின்றது. '...எதிர்வீட்டு மாடிக்குப் போயிட்டாங்க. டவர் போறதுக்கு முன்னாடி மகன்கிட்ட பேசினாங்களாம். அங்க இட்லி குடுத்தாங்களாம்.'

அந்த லாரியை ஓட்டியவர் நடுக்கடலில் பாய்மரப் படகிலிருந்து வீட்டுக்கு மெயில் போட்டவராகக்கூட இருக்கலாம். அப்படியும் போடுகிறார்கள். மெஷினே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதற்கென்று ஓர் ஓரத்தை ஒதுக்கிவிட்டு, அங்கேயே இருக்கட்டும்.

இரைச்சல் வந்தால் இரண்டு பேரும் 3 கிலோஹெர்ட்ஸ் மேலே தாவிவிட வேண்டும் என்று மதுரைக்காரரோடு இப்போது பேசி வைத்திருக்கிறேன். சீட்டு எழுதி ரேடியோ மேல் ஒட்டியாயிற்று.

அக்காவிடம் அந்தப் பதினோரு நிமிஷக் கதையைச் சொன்னேன்.

"அந்த இட்லி கல்லு மாதிரி இருந்துச்சுலே" என்றாள்.