வாயில்லா ஜீவனும் வைத்தியச் செலவும்

பெரிய காஞ்சிபுரத்தில் பூனையை விலை கொடுத்து வாங்கியவர் எவரையும் நான் சிறுவனாயிருந்த நாளில் கண்டதில்லை. பட்டுத்தறி நடக்கும் வீட்டில் பூனையும் ஒரு வேலையாள். கஞ்சி தோய்த்து உலர்த்திய பாவின் வாடைக்கு எலி வரும். மூன்று சேலைக்கென ஏற்றிய பாவில் ஓர் இரவு எலி பல் வைத்துவிட்டால், அறுந்த இழைகளைத் தேடித் தேடிப் பிணைப்பதற்குள் நெசவாளியின் கண் பூத்துப் போகும். அவ்வாரக் கூலியும் போகும். ஆகவே பிள்ளையார்பாளையத்திலாயினும் ஒலிமுகமதுபேட்டையிலாயினும், தறிக்குழியருகே ஒரு பூனை படுத்திருப்பதை எவரும் வீண் என்று கருதியதில்லை. குட்டி ஈன்ற வீட்டார் கேட்டவருக்குக் கொடுப்பர். நோயுற்ற பூனை தானே ஒரு மூலையைத் தேடிப் போய்விடும். பிழைத்தால் திரும்பி வரும். இல்லையேல் அதன் இடத்திற்கு மற்றொன்று வரும். வைத்தியம் என்பது கறவைப் பசுவுக்கும் வண்டி மாட்டுக்குமே உரியதாயிருந்தது. அவற்றுக்கு விலை உண்டு. அவ்விலைக்குள் அடங்கும் வரை செலவு செய்வர்.

அந்த எளிய கணக்கு இன்று உடைந்துவிட்டது. ஒரு காசும் கொடாது வந்த பிராணி, நோயுற்ற நாளில் முப்பதாயிரம் கேட்கிறது. கொடுப்பது கருணையா, இஸ்ராஃப் எனும் வீண் விரயமா? நம் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி வாய்விட்டுப் பேசப்படாமலே கசப்பை விளைவிக்கிறது. எங்கள் வீட்டில் அது வாய்விட்டே பேசப்பட்டது.

எங்களிடம் தறி நின்று பல ஆண்டுகளாகின்றன. பட்டு நூல் வாணிபம் மட்டும் சிறிய அளவில் நடக்கிறது. என் பேத்தி கொண்டுவந்து வளர்த்த 'சாம்பல்' எனும் ஆண் பூனைக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு ஷஃபான் மாதத்தில், அது மணலிட்ட தட்டில் திரும்பத் திரும்ப அமர்ந்து முக்கியது. துளி நீரும் வெளிவரவில்லை. மலச்சிக்கல் என்று கருதி விளக்கெண்ணெய் புகட்டச் சொன்னார் அண்டை வீட்டார். பேத்தி கேளாமல் அதைக் கூடையிலிட்டுக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்றாள். அவள் செய்ததே சரி. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. உப்புப் படிகங்களும் கொழகொழப்பான பசையும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார். மூன்று வாரத்தில் மீண்டும் அடைத்தது, மீண்டும் நீக்கினார். இனி அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி என்றார்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையை விசாரித்தோம். ஐந்து நாள் தங்கலுடன் 32,000 ரூபாய் என்றனர்.

"அத்தா, பணம் நான் தருகிறேன், இதில் பேச்சே வேண்டாம்" என்றான் மகன். என் மனைவிக்கோ அது ஏற்கவில்லை. "இந்தப் பணத்தில் நூல் சுற்றும் பெண்களின் பிள்ளைகள் மூவருக்குப் பள்ளிச் சம்பளம் கட்டலாமே, யோசித்தீர்களா?" என்றாள். அவள் அவ்வாறு கேட்கத் தகுதியுடையவள். தன் கைச்செலவில் மிச்சம் பிடித்து உண்மையாகவே அப்பிள்ளைகளுக்குக் கட்டி வருபவள். ஆனால் இதே வினாவை எடுத்தெறியும் வேறு பலரை நானறிவேன். வலீமா விருந்தில் மிஞ்சிய பிரியாணி குப்பைக்குப் போகும்போதும், நன்றாயிருக்கும் கைப்பேசியை மாற்றிப் புதிது வாங்கும்போதும் அவர்களுக்கு ஏழைகளின் நினைவு வருவதில்லை. பூனையின் பெயரைச் சொன்னதும் வந்துவிடுகிறது.

மார்க்கத்தில் இதற்கு என்ன வழி என்று தேடினேன். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் கொன்ற பெண் நரகத்திற்குரியவளானாள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. நம்மில் அதைக் கேளாதவர் இல்லை. ஆயின் அதன் உட்பொருளைச் சற்று நின்று நோக்க வேண்டும். அவள் மீதுள்ள குற்றம் உணவளிக்காதது மட்டுமன்று. பூமியில் உள்ள சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்ன அதை விடவுமில்லை என்பது சேர்த்தே சொல்லப்படுகிறது. அவிழ்த்து விட்டிருந்தால் அப்பூனை அவளுக்குக் கடன்காரியாகவும் இராது, அவள் பூனைக்குக் கடன்பட்டவளாகவும் இராள். அடைத்து வைத்ததனால் அதன் வயிறு அவள் பொறுப்பாயிற்று.

என் பாட்டனார் காலத்துத் தறிவீட்டுப் பூனை தெருவெல்லாம் திரிந்து எலி பிடித்தது. சாம்பலோ, வாகனங்களுக்கு அஞ்சி நாங்கள் கதவடைத்து வளர்த்த பூனை. காற்றாட ஓடாமல், பொட்டலத்து உலர் தீனியைத் தின்று, போதிய நீர் பருகாமல் இருந்தது. இப்படி வளரும் ஆண் பூனைகளுக்கே இந்த அடைப்பு நோய் மிகுதி என்று வைத்தியர் விளக்கினார். அப்படியானால் இந்நோயில் எங்கள் கதவுக்கும் பங்குண்டு. பூனைக்கு விலை என்ன என்று பார்ப்பது பொருந்தாது. அதன் வாழ்வில் எவ்வளவை நம் கையில் எடுத்துக்கொண்டோம் என்றே பார்க்க வேண்டும். இதை என் மனைவியும் மறுக்கவில்லை.

ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) மறைந்த ஷாஃபிஈ மேதை இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்), 'கவாயிதுல் அஹ்காம்' எனும் தம் நூலில் மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை எடுத்துரைக்கிறார். முதுமையாலோ நோயாலோ பயன் தராது போயினும் அவற்றின் பராமரிப்புச் செலவை உரியவன் ஏற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயன் தீர்ந்த பின்னும் கடமை தீராது என்பதே இதன் கருத்து. இந்திய நாட்டுச் சட்டமும் இதன் ஒரு பகுதியைச் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராதிருப்பது குற்றம். ஆயினும் இமாமவர்கள் சொன்னது பராமரிப்பு. 32,000 ரூபாய் அறுவைச் சிகிச்சையைப் பற்றி அவர்களிடம் நேரடி விடை தேடுவது முறையாகாது.

பணம் வற்றும் இடமும் வரலாற்றில் உண்டு. எகிப்தின் சுல்தான் பைபர்ஸ் (மறைவு 1277), கெய்ரோவில் ஆதரவற்ற பூனைகளுக்கென ஒரு தோட்டத்தை வக்ஃபு செய்தார். 1836-இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேயர் எழுதுகிறார்: அத்தோட்டம் பல கை மாறி, வாடகையாக ஆண்டுக்கு 15 பியாஸ்தர் மட்டுமே மிஞ்சியிருந்தது, எஞ்சிய செலவு ஏறத்தாழ முழுவதும் காஜியின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பிற்பகலும் காஜியின் முற்றத்தில் பூனைகளுக்கு இறைச்சித் துண்டுகள் போடப்பட்டன. அந்தக் காஜியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அறக்கட்டளை வற்றியது என்று சொல்லி அவர் கதவை மூடிவிட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் மூன்று வரையறைகள் பேசி முடிவாயின. கடன் வாங்குவதில்லை, கூலிக்காரருக்கும் உறவினருக்கும் உரியதில் கை வைப்பதில்லை, நோவைத் தீர்க்கும் செலவைத் தயங்காது செய்வது. அதன்பின் மகன் சென்னை வேப்பேரிக்குப் புறப்பட்டான். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் உள்ளது. 1989 முதல் அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். விடியலில் போய் வரிசையில் நிற்க வேண்டும்; மாணவர் சூழ நின்று பார்ப்பர்; தனியாரிடம் கிடைக்கும் வசதி எதிர்பார்க்கலாகாது. ஆனால் தேர்ந்த கைகள். வாடகைக் காரும் மருந்தும் சேர்த்து முன்பு கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்தது. பெருந்தொகையைக் கேட்டு மலைத்து, ஒன்றுமே செய்யாது விட்டுவிடும் குடும்பங்கள் இப்படியொரு வழி இருப்பதை அறிவது நல்லது.

அதன்பின் ஓராண்டும் சில மாதங்களும் சாம்பல் நலமாயிருந்தது. பிறகு சிறுநீரகங்கள் பழுதடைந்தன. நாள்தோறும் நரம்பில் நீரேற்றினால் சில வாரம் நீளும், குணமாகாது என்றனர். ஊசி போட்டு உயிரை முடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டேன். "முதலில் அதன் நோவைக் குறைக்க வழியிருக்கிறதா, பாருங்கள்" என்றார். இருந்தது. வாந்தியும் வலியும் தணிக்கும் மருந்துக்கு வாரம் சில நூறு ரூபாய்தான்.

மகன் அப்போதும் நீரேற்றத்திற்குப் பணம் தர முன்வந்தான். நான் மறுத்தேன். முதல் சிகிச்சை பூனைக்காக நடந்தது. இதுவோ எங்களுக்காக நடக்கும். தினமும் கூடையில் அடைத்து, ஊசி குத்தி, அஞ்சி நடுங்கும் உயிரை இன்னும் மூன்று வாரம் நிறுத்தி வைப்பதால் அதற்கு என்ன கிடைக்கும்? எங்களுக்குப் பிரிவு தள்ளிப்போகும், அவ்வளவே. பேத்தி அழுதாள்; இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "தாதா, மருந்தை நானே கொடுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். பதினோராம் நாள் அது நூல் மூட்டைகளின் மேல் உறங்கியபடியே போயிற்று.

இப்போது வீட்டில் ஒரு பெண் குட்டி. அகன்ற கிண்ணங்களில் மூன்று இடத்தில் நீர் வைக்கிறோம். உலர் தீனியைக் குறைத்து, உப்பில்லாமல் வேகவைத்த மீனைச் சேர்க்கிறோம். காய்ச்சல் என்று நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு என்பதை வேலைக்கு வரும் பெண்ணுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு சிறிது. பேத்தி மாதம் 200 ரூபாயை ஒரு தகர டப்பாவில் போட்டு வருகிறாள். அவள் பாட்டியும் சத்தமின்றி அதில் போடுவதைக் கண்டேன். அடுத்த தடுப்பூசியின் தேதி குறித்த அட்டை சமையலறை ஆணியில் தொங்குகிறது.