நடுவில் வந்தவர்

என் பேரனுக்கு என் வாசிப்பைப் பற்றி அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. ஏதோ நாவல் எழுதிப் பிழைத்த கிழவன் என்று மன்னித்து வைத்திருக்கிறான். சென்ற மாதம் எனக்குக் கணுக்காலில் சுளுக்கு. பொழுது போகட்டுமே என்று இரண்டு தடியான ஆங்கிலப் படக்கதைத் தொகுப்புகளைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டான்.

"இது பழசு, இது புதுசு. நீங்க நேரே இருபதாவது இதழிலிருந்து படிங்க தாத்தா. அதுக்கு முன்னால இருக்கிறதெல்லாம் ஒண்ணுமில்லே."

அந்த 'ஒண்ணுமில்லே' என் காதில் சுருக்கென்று தைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதையின் பெயர் 'ஸ்வாம்ப் திங்'. சதுப்பு நிலப் பூதம் என்று வைத்துக்கொள்ளலாம். லென் வீன் என்பவர் எழுத, பெர்னி ரைட்ஸன் படம் போட, 1971-ல் ஒரு திகில் பத்திரிகையில் தனிச் சிறுகதையாக முளைத்தது. வாசகர்கள் சொக்கிப் போகவே, அடுத்த வருஷமே டி.ஸி. நிறுவனம் ஆளையும் காலத்தையும் மாற்றித் தனிப் பத்திரிகையாகக் கொண்டுவந்தது. அலெக் ஹாலண்ட் என்ற விஞ்ஞானி லூயிசியானாச் சதுப்பு நிலத்தில் ஆராய்ச்சி செய்கிறான். குண்டு வெடிக்கிறது. உடம்பெல்லாம் தீயோடு ஓடிச் சேற்றில் விழுகிறான். பிற்பாடு பாசியும் வேரும் கொடியுமாக ஒரு பூதம் எழுந்து வருகிறது. மனித மனம், தாவர உடம்பு. இருபத்து நான்கு இதழ்கள் வந்து 1976-ல் பத்திரிகை நின்றுபோயிற்று.

1982-ல் வெஸ் க்ரேவன் இதைச் சினிமாவாக எடுத்தார். படம் வருகிறதே என்ற ஜோரில் பத்திரிகைக்கும் மறுபடி உயிர் கொடுத்தார்கள். இந்தத் தடவை லென் வீன் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எழுதும் பொறுப்பு மார்ட்டின் பாஸ்கோவுக்கு வந்தது. படம் டாம் யேட்ஸ். ஓரிரண்டு இதழ்கள் நீங்கலாகப் பத்தொன்பது வரைக்கும் பாஸ்கோதான் எழுதினார். இருபதாவது இதழில், 1984 ஜனவரியில், இங்கிலாந்திலிருந்து ஆலன் மூர் வந்தார். அதற்குப் பின் நடந்தது படக்கதை உலகில் எல்லோருக்கும் தெரியும். 'பூதம் அலெக் ஹாலண்டே அல்ல; ஹாலண்ட் செத்தே போனான்; அவன் நினைவுகளை உறிஞ்சிக்கொண்டு, தன்னையே அவன் என்று நம்பிக்கொண்டிருந்த செடி கொடிகள்தாம் இவை' என்று இருபத்தோராவது இதழில் ஒரே போடாகப் போட்டார். பிரமாதமான யோசனை, சந்தேகமில்லை. அவர் எழுதியவற்றை 1987-ல் முதன்முதலாகப் புத்தகமாகத் தொகுத்தபோது, அந்த இருபத்தோராவது இதழிலிருந்தே ஆரம்பித்தார்கள். பாஸ்கோ விட்டுப்போன நூல்முனைகளை மூர் முடிச்சுப் போட்ட இருபதாவது இதழைக்கூடச் சேர்க்கவில்லை.

நான் பேரன் பேச்சைக் கேட்கவில்லை. கல்யாண வீட்டில்கூட முதல் பந்தியில் உட்காருகிறவன் நான். முதலிலிருந்தே படித்தேன்.

பாஸ்கோவிடம் குறைகள் இல்லையென்று சொல்லமாட்டேன். வார்த்தைகள் அதிகம். படம் சொல்லிவிட்டதையே பக்கத்தில் கட்டம் கட்டி மறுபடி சொல்வார். பத்திரிகைக்காரி லிஸ் ட்ரெமேன், டாக்டர் டென்னிஸ் பார்க்ளே, பூதத்தைத் துரத்தும் ஸண்டர்லண்ட் கம்பெனி, உலகத்தின் முடிவு என்று ஒரே வண்டியில் சுமையை ஏற்றிக்கொண்டே போவார். அச்சாணி முனகுவது நமக்குக் கேட்கும்.

ஆனால் ஊமைச் சிறுமி ஒருத்தி வருகிறாளே, அவளை மறக்க முடியவில்லை. கொல்லப்பட இருந்தவளைப் பூதம் காப்பாற்றுகிறது. தான் பேசினால் ஊர் மிரள்கிறது. இவளுக்கோ பேச்சே இல்லை. இரண்டும் ஜோடி சேர்ந்துகொள்கின்றன. நமக்கும் அவள்மேல் வாத்ஸல்யம் உண்டாகிவிடுகிறது. கடைசியில் பார்த்தால், உலகத்தை நாசம் செய்ய வரப்போகும் ஒரு தீய சக்திக்கு அவளேதான் கட்டியக்காரி! கைக்குழந்தை மாதிரி தூக்கித் திரிந்தவளை எதிர்த்து நிற்கவேண்டிய நிலைமை பூதத்துக்கு. இதை எழுதியவனை 'ஒண்ணுமில்லே' என்று எப்படித் தள்ளுவது?

மூரின் புகழோடு புகழாகப் பேசப்படும் சித்திரக்காரர்கள் ஸ்டீபன் பிஸெட், ஜான் டாட்டில்பென் இருவரும் பதினாறாவது இதழிலேயே, பாஸ்கோ காலத்திலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதையும் கவனித்தேன். அடுப்பு மூட்டி உலை வைத்து அரிசியும் களைந்து போட்டாயிற்று. வடித்தவர் பெயர் நிலைத்தது.

இனி என் சமாசாரம். நாற்பது வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் பெரிய எழுத்தாளர் ஒருவர் தொடர்கதை ஆரம்பித்தார். ஒன்பதாவது வாரம் படுத்த படுக்கையாகிவிட்டார். பத்திரிகை ஆபீஸில் புரூப் திருத்திக்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் பிடித்து, "நீ நடத்து" என்றார்கள். அவர் பதினொரு வாரம் நடத்தினார். வாசகர் கடிதங்கள் குளிர்ந்துபோயின. அப்புறம் என்னிடம் வந்தார்கள். எனக்கு அப்போது கொஞ்சம் பெயர் இருந்தது. பெயரைவிடக் கர்வம் அதிகமாக இருந்தது. நான் எழுதிய முதல் வாரத்திலேயே அவர் படைத்த மூன்று பேரைப் பம்பாய் ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை இரண்டு வரியில் விஷஜ்வரத்துக்குக் கொடுத்தேன். 'கதை இப்போதுதான் உயிர் பெற்றது' என்று கடிதங்கள் வந்து குவிந்தன.

புத்தகமாக வந்தபோது பெரியவர் பெயரும் என் பெயரும் அட்டையில் இருந்தன. நடுவிலிருந்த பதினொரு வாரத்தை ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கினார்கள். 'சுருக்கினார்கள்' என்ன, நானே உட்கார்ந்து சுருக்கினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பெண் கல்யாணத்துக்கு வந்து, சாப்பிட்டு, கவரில் இருபத்தொரு ரூபாய் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. பாஸ்கோவின் மூன்றாவது இதழில் ரோஸ்வுட் என்று ஓர் ஊர் வருகிறது. ஊரே ரத்தக்காட்டேரிகள் பிடியில் இருக்கிறது. கடைசியில் வெள்ளம் பாய்ந்து ஊர் முழுகிவிடுகிறது. ஓடும் தண்ணீர் காட்டேரிகளுக்கு ஆகாதாம். கதை அதோடு சரி. மூன்று வருஷம் கழித்து, 1985-ல், முப்பத்தெட்டாவது இதழில் மூர் அந்த ஊருக்கே திரும்பி வருகிறார். வெள்ளம் வடியாமல் ஏரியாகத் தேங்கிவிட்டது. ஓடும் தண்ணீர்தானே ஆகாது, தேங்கிய தண்ணீர்? வெயில் எட்டாத ஏரியடியில் காட்டேரிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கின்றன! மூர் எழுதியவற்றில் மிக நல்ல பகுதிகளில் ஒன்று இது. அந்தத் தண்ணீர் பாஸ்கோ விட்ட தண்ணீர்.

படித்துவிட்டுப் புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். என் தொடர்கதையின் உச்சக்கட்டம் ஒரு மூடிக் கிடந்த கிணற்றில் நடக்கும். 'அந்தக் கிணறு! எப்படி ஐயா தோன்றிற்று உங்களுக்கு?' என்று திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தாள். 'நன்றி' என்று கார்டு போட்டேன். கிணறு என்னுடையது அல்ல. பதினான்காவது வாரத்தில் அந்தப் புரூப் ரீடர் பலகை போட்டு மூடி வைத்துவிட்டுப் போனது.

அன்று சாயங்காலம் பேரனை விட்டுப் பரணிலிருந்து பழைய பைண்டு ஒன்றை இறக்கச் சொன்னேன். என் மனைவி வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தது. அதில் எல்லா வாரமும் இருக்கிறது. ஒன்றையும் அவள் விடவில்லை. பதினான்காவது வாரத்தைப் பிரித்தேன். கிணற்றை மூடும் ஆட்கள் கடைசிப் பலகையை வைப்பதற்கு முன், உள்ளே ஒரு சின்னக் கல்லைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அந்த இடத்தை நான் அடியோடு மறந்திருந்தேன். நல்ல இடம். நான் எழுதியிருந்தால் அந்தக் கல் எனக்குத் தோன்றியிராது.

"தாத்தா, இருபதுக்கு வந்தாச்சா?" என்று வாசற்படியிலிருந்து கேட்டான் பேரன்.

"இல்லையப்பா. மூன்றாவதை இன்னொரு தடவை படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.