ஊர் சுத்தினால்தான் நம்மூர் ஆகும்

"ஊர் சுத்துறது" என்பது எங்கள் மதுரைப் பக்கத்தில் ஒரு திட்டு. படிப்பில் நாட்டமில்லாமல், வீட்டில் தங்காமல் திரிகிற பையனைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்வார்கள். நானும் நிறைய வாங்கியிருக்கிறேன். கிளாஸ்கோவுக்கு முதுகலை படிக்க வந்து, அப்படியே சாஃப்ட்வேர் வேலையில் ஒட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவும் ஆன பிறகு இப்போது என் கட்சி வேறு. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள் ஊர் சுத்தியே ஆக வேண்டும்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் என் மனைவி. லண்டனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணம். "எங்கட வீட்டில லீவு எண்டால் ஒண்டு சித்தப்பா வீடு, இல்லாட்டிக் கோயில். திங்கக்கிழமை டீச்சர் வீக்கெண்ட் என்ன செய்தனீங்கள் எண்டு கேக்கேக்க எனக்குச் சொல்ல ஒண்டும் இருக்காது" என்பார். பெற்றோரைக் குறை சொல்வதற்காக அல்ல. இரண்டு வேலை பார்த்து, கடனையும் அடைத்து, ஊரில் இருந்தவர்களுக்கும் அனுப்பியவர்களுக்கு மியூசியம் எங்கே ஞாபகத்துக்கு வரும்? இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் இதே கதைதான் இருக்கும். "நீங்க எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், அம்மா அப்பாவின் ஊரைச் சொல்வதா, பிறந்த ஊரைச் சொல்வதா என்று ஒரு நொடி தயங்கியிருப்பீர்கள். அந்தத் தயக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நினைத்துத்தான் சனிக்கிழமைகளில் கிளம்ப ஆரம்பித்தோம்.

கிளாஸ்கோவில் ஒரு பெரிய வசதி, முக்கியமான மியூசியங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காசு மிச்சம் என்பது இதில் சின்ன லாபம்தான். டிக்கெட் வாங்கிப் போனால் என்ன செய்வோம்? கொடுத்த காசுக்கு எல்லாத்தையும் பார்த்துடணும் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுவோம். இலவசம் என்றால் ஒரு மணி நேரம் ஒரே ஒரு பொருளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரலாம். அடுத்த மாதம் மறுபடி போகலாம். ஒரு இடத்துக்குப் பத்துத் தடவை போனால்தான் பிள்ளை அதை "எங்க மியூசியம்" என்று சொல்லும்.

எங்கள் வீட்டில் அந்த இடம் கெல்விங்குரோவ். 1901-ல் நடந்த உலகக் கண்காட்சியின்போது திறந்த கட்டடம். மேலே ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தொங்கும். கீழே சர் ராஜர் என்ற பாடம் செய்த யானை நிற்கும். அது ஆசிய யானை. சர்க்கஸ் மாதிரி ஊர் ஊராகப் போன மிருகக் கூட்டத்தில் இருந்து, பிறகு கிளாஸ்கோ மிருகக்காட்சி சாலைக்கு வந்தது. மதம் பிடித்து யாரும் நெருங்க முடியாமல் போனதால் 1900-ல் சுட்டுவிட்டார்கள். நான்கு வயது மகன் இப்போதும் உள்ளே நுழைந்ததும் நேராக யானையிடம்தான் ஓடுவான். மதியம் ஒரு மணிக்கு, ஞாயிறு என்றால் மூன்று மணிக்கு, பெரிய ஆர்கன் வாசிப்பார்கள். அந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்கள்; ஓடுகிற பிள்ளைகூட ஒரு நிமிஷம் நிற்கும்.

எட்டு வயது மகள் அங்கே ஒருநாள் கேட்டாள்: "அப்பா, இதெல்லாம் யாரோடது?" நல்ல கேள்வி. நன்கொடையாக வந்தவை, விலைக்கு வாங்கியவை, எடுத்துக்கொண்டு வந்தவை என்று எல்லாம் இருக்கின்றன என்றேன். 2022 ஆகஸ்டில் இதே கெல்விங்குரோவில்தான் ஏழு பொருட்களை இந்தியாவுக்குத் திருப்பித் தர ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயில்களிலும் வழிபாட்டு இடங்களிலும் திருடப்பட்டவைதான் அவற்றில் பெரும்பாலானவை. பிரிட்டனில் ஒரு மியூசியம் இந்தியாவுக்கு இப்படித் திருப்பிக் கொடுக்க முன்வந்தது அதுதான் முதல் தடவை. "அப்போ குடுத்துட்டாங்கல்ல, நல்லது" என்றாள். அவளுடைய ஊர் தப்பும் செய்திருக்கிறது, திருத்தவும் பார்க்கிறது என்பது எட்டு வயதில் தெரிந்தால் போதும்.

ஊரின் நடுவிலும் இப்படி ஒரு பாடம் நிற்கிறது. நவீன கலைக்கூடத்தின் வாசலில் குதிரை மேல் வெலிங்டன் பிரபு சிலை. தலையில் ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பு. நகராட்சி எடுக்க எடுக்க யாராவது ராத்திரியில் ஏறி வைத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்காது. சிரித்து முடித்ததும் சொல்லலாம்: இதே ஆள்தான் 1799-ல், திப்பு சுல்தான் இறந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர். பின்னால் இருக்கும் அந்தக் கட்டடம் புகையிலை வியாபாரி ஒருவரின் மாளிகை. அடிமைகளின் உழைப்பில் வந்த புகையிலை அது. பக்கத்துத் தெருக்களில் பல, அந்த வியாபாரிகளின் பேரில்தான் இருக்கின்றன.

வாகனப் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் ரிவர்சைட் மியூசியம். ஜாஹா ஹதீத் வடிவமைத்தது, 2011-ல் திறந்தது. டிராம், தீயணைப்பு வண்டி, பழைய கடைத்தெரு எல்லாம் உள்ளே உண்டு. 1945-ல் கிளாஸ்கோவில் செய்து தென்னாப்பிரிக்காவில் ஓடி, திரும்பி வந்த ஒரு பெரிய நீராவி எஞ்சினும் நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கே செய்த எஞ்சின்கள் இந்தியா உட்பட உலகம் முழுக்கப் போயின. வாசலில் கிளைடு ஆற்றில் 1896-ல் கட்டிய க்ளென்லீ பாய்மரக் கப்பல். அதற்கும் கட்டணம் இல்லை. 2024 செப்டம்பரில் திறந்த புதுப் பாலத்தில் நடந்தால் எதிர்க்கரையில் கவன். அங்கே சப்வே ஏறிவிடலாம். அதுவும் 1896-ல் ஓட ஆரம்பித்ததுதான். பதினைந்தே ஸ்டேஷன், ஒரே வட்டம், ஒரு சுற்றுக்கு 24 நிமிஷம். மழை நாளில் சும்மா ஒரு சுற்று போய் வந்தாலே சின்னவர்களுக்குத் திருவிழா.

கதை பிடித்த பிள்ளைக்குக் கதீட்ரல் பக்கம். நகரத்தின் சின்னத்தில் வாயில் மோதிரம் கவ்விய மீன் இருக்கும். ராணி, அரசன் கொடுத்த மோதிரத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டாள், அரசன் அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டு, "மோதிரம் எங்கே?" என்று அவளையே கேட்டான்; புனித மங்கோ மீன் பிடிக்கச் சொல்ல, அதன் வயிற்றில் மோதிரம் இருந்தது. இதைச் சொல்லி முடித்ததும் என் மனைவி, "எங்கட சகுந்தலைக்கும் இதுதானே நடந்தது!" என்றார். அன்றைக்கு வீடு திரும்பும் வரை துஷ்யந்தன் கதை ஓடியது. தமிழ்ப் பள்ளியில் வீட்டுப்பாடமாக வந்திருந்தால் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

நகரத்தை விட்டு வெளியே போக நினைத்தால் முதலில் ஃபால்கிர்க் வீல். இரண்டு கால்வாய்களை இணைக்க, படகுகளைத் தண்ணீரோடு சேர்த்து 24 மீட்டர் தூக்கி இறக்கும் சக்கரம், 2002-ல் திறந்தது. படகு உள்ளே வந்தால் அதன் எடைக்குச் சமமான தண்ணீர் வெளியே போய்விடும் என்பதால் இரண்டு தொட்டியும் எப்போதும் ஒரே எடை. அதனால் ஒரு தடவை சுழல, எட்டு கெட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கிற மின்சாரமே போதும். அதே ஊரில் 30 மீட்டர் உயரத்தில் கெல்பீஸ் என்ற இரண்டு எஃகுக் குதிரைத் தலைகள். கோடையில் லார்க்ஸ் போய், பத்து நிமிஷம் கப்பலில் கடந்து, கம்ப்ரே தீவை சைக்கிளில் சுற்றலாம். மொத்தம் 16 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். லாக் லோமண்ட் ஏரிக்கு ரயிலிலேயே போகலாம். ஒன்று மட்டும் கவனம்: கோடையிலும் அந்தத் தண்ணீர் சில்லென்று இருக்கும், சில இடங்களில் கரையை விட்டதும் சட்டென்று ஆழம். பிள்ளைகளைக் காலை மட்டும் நனைக்க விடுங்கள், நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இதெல்லாம் எதற்கு என்று போன வருஷம் என் அம்மா வந்தபோது தெரிந்தது. பிள்ளைகளின் அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் வராது. கெல்விங்குரோவில் நான் வாயைத் திறக்குமுன் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "அப்பத்தா, இது சர் ராஜர். இதுக்குக் கோவம் வந்துச்சு, அதனால சுட்டுட்டாங்க." அம்மா கொஞ்ச நேரம் யானையையே பார்த்தார். "நம்மூரு யானையக் கொண்டாந்து சுட்டுப்புட்டாய்ங்களா, பாவம்" என்றார். பிறகு மதுரையில் சின்ன வயதில் யானை தலையில் தும்பிக்கை வைத்து ஆசீர்வாதம் செய்த கதையைச் சொன்னார். வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், இரண்டு மணி நேரம் தட்டுத்தடுமாறித் தமிழிலேயே ஊரைச் சுற்றிக் காட்டினாள். தெரியாத வார்த்தைக்குக் கையைக் காலை ஆட்டினாள். சொல்வதற்கு அவளிடம் ஒரு ஊர் இருந்தது, கேட்பதற்கு ஒரு அப்பத்தா இருந்தார்.

எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் ஊரிலும் ஒரு யானை, ஒரு ஆறு, ஒரு பழங்கதை கட்டாயம் இருக்கும். நல்ல மழைக்கோட்டு, மாற்றுச் சாக்ஸ், டப்பாவில் எலுமிச்சைச் சாதம் போதும். கிளாஸ்கோக்காரர்களுக்கு இன்னொன்று: ஸ்காட்லாந்தில் வசிக்கும் 5 முதல் 21 வயது வரையுள்ளவர்களுக்கு பஸ் இலவசம். அதற்கான கார்டை இன்னும் வாங்காவிட்டால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். வானம் தெளியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். இங்கே அது நடக்காது.