பாலையில் ஓர் உடன்போக்கு

தமிழ் இலக்கணக்காரர்கள் ஐந்து நிலங்களுக்கும் ஐந்து ஒழுக்கங்களைப் பங்கிட்டபோது பாலைக்குப் பிரிவைக் கொடுத்தார்கள். தலைவனும் தலைவியும் பாலை வழியில் சேர்ந்து போவதானால் அதற்கும் ஒரு பெயர் உண்டு. பெற்றோர் அறியாமல் கிளம்பும் உடன்போக்கு. ஆனால் முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு, பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாமல் கிளம்புகிறவர்களுக்கு என்ன துறை என்பதைத் தொல்காப்பியர் விளக்காமல் போய்விட்டார். ஆகையால் நாங்களே உடன்போக்கு என்று பெயர் சூட்டிக்கொண்டு, சென்ற தை மாதத்தில் ஜோத்பூரில் மோட்டார் ஏறினோம்.

கிளம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னையில் எங்கள் கொல்லைக் கிணறு வழக்கில் இருக்கிறது. கோர்ட்டு வழக்கு அல்ல. எங்கள் இருவருக்குள் நடப்பது. வீட்டுப் பெரியவர் பிராவிடண்டு பண்டில் கடன் வாங்கித் தோண்டிய கிணறு அது. 2019-ஆம் வருஷக் கோடையில் அடிமண் தெரிந்தது. பிறகு முன்போல் ஊறவில்லை. தூர்த்துவிட்டுக் கார்க் கொட்டகை போடலாம் என்பது எங்களில் ஒருவர் கட்சி; உயிரோடு இருக்கும்வரை கூடாது என்பது மற்றவர் கட்சி. யார் எந்தக் கட்சி என்று நேயர்களுக்குச் சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பட்சபாதம் காட்டத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் நாள் ஜோத்பூருக்குத் தென்கிழக்கே உள்ள கேஜட்லி கிராமத்துக்குப் போனோம். 1730-ஆம் வருஷத்தில், அரண்மனைக்குச் சுண்ணாம்பு காய்ச்ச விறகு வேண்டுமென்று மார்வார் மன்னரின் ஆட்கள் இங்கே மரம் வெட்ட வந்தார்கள். அமிர்தா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டாள். அவளுடைய மூன்று பெண்களும் அப்படியே. அவர்களைத் தொடர்ந்து மடிந்தவர்களையும் சேர்த்து 363 பேர் என்று பிஷ்ணோயி மக்கள் கணக்குச் சொல்லுகிறார்கள். கேஜடி என்று அவர்கள் சொல்லும் மரத்தை அருகில் போய்ப் பார்த்தோம். நம்முடைய வன்னி மரமேதான்! நம் பக்கத்துச் சிவன் கோயில்களில் ஸ்தல விருட்சமாக நின்று பிரதட்சிணம் பெறுகிற அதே வன்னி, இங்கே ஆட்டுக்குத் தழையும், மனிதனுக்குக் கறி சமைக்கக் காயும் தந்துகொண்டு வயல் நடுவே நிற்கிறது. எது பெரிய வழிபாடு என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மேற்கே கிளம்பினோம். சாலை நம் ஊர்ச் சாலைகளை வெட்கப்பட வைப்பது. சாலையின் இருபுறமும் பழுப்பு மண், எருக்கு, முட்புதர், எங்கேயோ நோக்கி அவசரமில்லாமல் போகும் ஒட்டகங்கள். மணல் மலைகளை எதிர்பார்த்த எங்களுக்கு முதலில் ஏமாற்றந்தான். எங்கள் ஹிந்தி, பிரசார சபையின் பிராதமிக் பரீட்சையோடு நின்றுபோனது. ஆயினும் டிரைவர் பொறுமைசாலி. தேச்சு என்ற ஊரைத் தாண்டியதும், "என் அத்தை வீடு பக்கத்தில்தான் இருக்கிறது, ஹுக்கும், தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்" என்றார்.

அந்த வீட்டு முற்றத்தில் வட்டமாகச் சுண்ணாம்புத் தளம் ஒன்று. நடுவே இரும்பு மூடி. அதற்குத் தாங்கா என்று பெயர். மழைநீர் சரிவில் ஓடிவந்து பூமிக்கு அடியிலுள்ள தொட்டியில் சேர்கிறது. மழைக்காலத்துக்கு முன் தளத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள்; செருப்புக் காலோடு யாரும் மிதிக்கக் கூடாது. மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. அந்த வீட்டில் பூட்டியிருந்த பொருள் அது ஒன்றுதான். அத்தையம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டு மிச்சத்தைத் தரையில் வீசும் நம் ஊர்ப் பழக்கம் கைக்கு வரவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தோம்.

"உங்கள் ஊரில் மழை உண்டா, மகளே?" என்று கேட்டாள்.

ஜெய்சல்மேரில் வருஷத்துச் சராசரி மழை 200 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். சென்னையில் சுமார் 1400. ஏழு மடங்கு என்று டிரைவர் விரல்விட்டுச் சொன்னார். அத்தையம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அப்படியானால் உங்கள் வீட்டுத் தாங்கா எவ்வளவு பெரிதாக இருக்கும்!" என்றாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலேறித் தண்ணீர் வந்த கதையை ஹிந்தியில் சொல்ல எங்கள் பிராதமிக் போதாது என்று தீர்மானித்தோம்.

பொக்ரானில் டீ குடித்தோம். 1974-லும் 1998-லும் பூமி அதிர்ந்த பிரதேசம் என்று யாரும் அங்கே மார்தட்டிக்கொள்ளவில்லை. டீயில் இஞ்சி அதிகம்.

மாலையில் ஜெய்சல்மேர்க் கோட்டை தொடுவானத்தில் எழும்பியது. 1156-ல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கியது. இன்றும் குடும்பங்கள் உள்ளே வாழ்கின்றன. ஒரு காலத்தில் கீழேயுள்ள கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் குடம் சுமந்து ஏறினார்கள். இப்போது, 1958-ல் வெட்டத் தொடங்கிய பெருங்கால்வாய், பஞ்சாபிலிருந்து நீரைக் கொண்டுவருகிறது. குழாயைத் திருகினால் கொட்டுகிறது. நாங்கள் தங்கிய விடுதிக்காரர் கீழ்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஈரம். வறண்ட நாட்டுக்கென்று கட்டிய கோட்டையில், கழிவுநீர் குன்றின் மண்ணுக்குள் இறங்கி அடிப்பாகத்தை இளக்குகிறதாம். கொத்தளங்கள் சில சரிந்தே போயின. "பாட்டி காலத்தில் சுவர் உலர்ந்திருந்தது, பாட்டியின் தலைதான் தேய்ந்தது" என்றார் அவர். குழாயை எடுத்துவிடச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

மறுநாள் காலை கடிசர்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது ஊரிலிருந்து கொத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டார். கொட்டகைக்குச் செங்கல் இறக்கலாமா என்று கேட்டார். "செங்கல் இருக்கட்டும். கிணற்றுக்குத் தூர் வார எத்தனை ஆள் வேண்டும்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். மற்றவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சாம் என்ற இடத்து மணற்குன்றுகளில் நாங்கள் ஒட்டகம் ஏறியதும், இறங்கியதும் தனிக் கதை.